ரொட்டிப் பொட்டலத்துக் கம்பி

ஜனவரி 9

தம்பிக்கு,

இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் ஒன்றும் இருக்காது, நீ அப்படிப்பட்ட ஆள். போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் படகு என்று ஆரம்பித்த உடனே உனக்கு லைன் கட்டாகிவிடுகிறது. மூன்று தடவை ஆயிற்று. காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது.

உன் பாய்மரப் படகு நாறுகிறது. நான் இருபது வருஷமாகச் சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். ஆஸ்பத்திரியிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வருகிற துணி மூட்டைகளைப் பிரித்துப் பிரித்து என் மூக்குக்குச் சொரணை போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று காற்றில் தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். முழங்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். அதன் மேல் எண்ணெய் மாதிரி ஒரு படலம். தண்ணீரில் இருக்கை மெத்தை ஊறிப்போய்ப் பஞ்சு வெளியே வந்து மிதக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு கிழிந்த தார்ப்பாயை இழுத்து மூடினேன்.

மூன்று வருஷமாக அது என் கொல்லையில், டிரெய்லரோடு, துணி காய்கிற கொடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அன்று ஏரியில் பாய்மரம் சரிந்து விழுந்து சிட்டுவின் காறை எலும்பு முறிந்ததே, அன்று சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்தியதுதான். அடுத்த மாதமே நீ கிரேன் ஓட்டும் வேலைக்கு வெளியூர் போய்விட்டாய். உன் அத்தான் அந்தப் பக்கமே போவதில்லை. போகவும் எந்த முகத்தோடு போவார். பெற்ற பெண்ணை உட்கார வைத்துவிட்டு பாய்மரக் கம்பிக்கு ஒரு வளையத்தை மாட்ட மறக்கிற மனிதர்.

இதை எடுத்துக்கொண்டு போக ஏற்பாடு செய். இல்லாவிட்டால் நான் கோடரியை எடுப்பேன்.

அக்கா

—

ஜனவரி 30

அன்புள்ள அக்கா,

நலம், நலமே விரும்புவது உன் தம்பி. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்தால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி. தங்குகிற இடத்தில் பதினாறு பேருக்கு ஒரே குளியலறை. அதன் தரையைப் பற்றி எழுதினால் நீ இந்தக் கடிதத்தையே துவைக்கப் போட்டுவிடுவாய்.

கோடரியை உள்ளே வை. நம் ஊர் வெல்டர் கூட்டாளி ஒருவன் படகைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். சும்மாவே கொடுத்துவிடலாம், வைத்து ஓட்டட்டும். ஆனால் அவனிடம் இழுவைக் கொக்கி வைத்த வண்டி கிடையாது. நம் பழைய வண்டியில் டிரெய்லரை மாட்டுகிற அந்த இரும்புக் குண்டு இன்னும் இருக்கிறது அல்லவா. அவன் பட்டறை வரைக்கும் நீங்கள் இழுத்துப் போய் விட்டுவிட்டால் போதும்.

அதற்கு முன்னால் மூன்று வேலை. படகின் பின்பக்கம் கீழே ஒரு திருகு மூடி இருக்கும், அதைக் கழற்றினால் தண்ணீர் எல்லாம் வடிந்துவிடும். டிரெய்லர் டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும். சக்கரத்து பேரிங்கைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியில் சக்கரம் தனியாகப் போகும், நீ தனியாகப் போவாய்.

பாய்மரத்தையும் அதை நிமிர்த்திப் பிடிக்கிற கம்பிகளையும் தொடாதே. எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். கூட்டாளி பார்த்துக்கொள்வான்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

—

பிப்ரவரி 20

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவது வழக்கம். இரண்டு ஞாயிறாக உன் சாக்கடையில் இறங்கியிருக்கிற ஒருத்தி எவ்வளவு சுகமாக இருப்பாளோ அவ்வளவு.

திருகு மூடியைக் கழற்றினேன். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்து நின்றுவிட்டது. குச்சியை விட்டுக் குடைந்தேன். திடீரென்று பீய்ச்சி அடித்து என் காலெல்லாம் நனைந்தது. கூடவே அடைத்துக்கொண்டிருந்ததும் வந்து விழுந்தது. ஒரு எலி. எலி என்று சொல்ல அதில் மிச்சம் வால் மட்டும்தான். கையுறை போட்டிருந்தேன். இருந்தும் அன்று முழுவதும் அந்தக் கையால் எதையும் வாயில் வைக்கவில்லை.

படகின் பாய்த்துணி மூட்டைக்குள் அந்த எலியின் குடும்பமே குடியிருந்திருக்கிறது. பிரித்தால் கூடு, புழுக்கை, மஞ்சள் கறை. பெரிய பாயின் ஓரத்தில் நான்கு இடத்தில் ஓட்டை. இயந்திரத்தில் போட்டால் அந்தத் துணி மடிந்து விறைப்புப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதனால் குளியல் தொட்டியில் மிதமான சோப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துக் கையால் தேய்த்தேன். பூஞ்சைக் கறுப்பு பாதிதான் போயிற்று. இரண்டு நாளும் மூன்று பேரும் பக்கெட்டில் மொண்டு குளித்தோம். சிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டே பல் தேய்த்தாள்.

பேரிங் வேலையையும் நானே செய்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, மூடியைத் தட்டி எடுத்து, நட்டைக் கழற்றி, சக்கரத்தை உருவினேன். உள்ளே கிரீஸ் இல்லை, காபித்தூள் மாதிரி துருதான் கொட்டியது. மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளங்கையில் புது கிரீஸை வைத்து அழுத்தி அழுத்தி அடைத்தேன். உன் அத்தான் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். பல் செட் செய்கிறவர், கால் மில்லி உயரம் கூடினாலும் கண்டுபிடிக்கிற கை. வந்து ஒரு நட்டைப் பிடிக்கக் கூடாதா. "நான் தொட வேணாம்மா" என்றார். அதுவும் சரிதான் என்று நான் சொன்னேன். மூன்று வருஷமாக அடுப்பை அவர் அணைத்தால் நான் போய் ஒரு தடவை பார்க்கிறேன். சிட்டுவை அவர் வண்டியில் அனுப்புவதில்லை. அவரும் ஏன் என்று கேட்டதில்லை.

இவ்வளவு எழுதுகிறாயே, சிட்டுவின் தோள் எப்படி இருக்கிறது என்று ஒரு கடிதத்தில், ஒரு போனில், நீ கேட்டதே இல்லை. கவனித்தாயா. குளிரில் இப்போதும் வலிக்கிறது.

அக்கா

—

மார்ச் 1

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். சிட்டுவைக் கேட்டதாகச் சொல்.

நீ செய்திருக்கிற வேலையை மெக்கானிக் கூடச் செய்ய மாட்டான். போதும், இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். முக்கியமாகப் பாய்மரம். படகின் மேல் படுக்கவைத்துக் கட்டியிருக்கிறதே, அது அப்படியே வரட்டும். பக்கக் கம்பிகளை அவிழ்த்தால் திரும்ப மாட்டுவது கஷ்டம், எது எங்கே என்று குழம்பிவிடும். நீ அவிழ்க்கவே வேண்டாம்.

நாளையே வேண்டுமானாலும் கொண்டுபோய் விட்டுவிடு. கூட்டாளியிடம் சொல்லிவிட்டேன்.

தம்பி

—

மார்ச் 23

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நன்றாக இருப்பாய். மனசாட்சி இல்லாதவனுக்குத் தூக்கம் நன்றாக வரும், தூங்கினால் உடம்பும் நன்றாக இருக்கும்.

போன வாரம் வண்டியில் டிரெய்லரை மாட்டி, காலியாக இருந்த கிடங்கு மைதானத்தில் ஓட்டிப் பழகினேன். முன்னால் போவது ஒன்றுமில்லை. பின்னால் எடுப்பதுதான் கொடுமை. ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் படகு இடது பக்கம் போகிறது. காவலாளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "இன்னும் கொஞ்சம் ஒடிச்சிருந்தா சுவத்துல புது கேட்டு கிடைச்சிருக்கும்மா" என்றார். கோபம் வரவில்லை. வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே பாதுகாப்புச் சங்கிலியைக் குறுக்காக மாட்ட வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

ஓட்டுகிறபோது பாய்மரம் டமடமவென்று அடித்தது. கட்டியிருந்த கயிறு வெயிலில் மக்கிப் பொடியாகிவிட்டது. இறக்கிக் கட்டாமல் சாலையில் போக முடியாது. பக்கக் கம்பிகளை அவிழ்த்தால்தான் மரத்தை நகர்த்த முடியும். நீ இரண்டு தடவை தொடாதே என்று எழுதியது நினைவிருந்தது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று.

ஒவ்வொரு கம்பியின் முனையையும் படகோடு பிடித்து வைப்பது விரல் நீள இரும்புப் பின். அந்தப் பின் நழுவாமல் இருக்க அதன் ஓட்டையில் சாவிக்கொத்து வளையம் மாதிரி ஒரு சின்ன எஃகு வளையம் இருக்க வேண்டும். வலப்பக்கம் பார்த்தேன். வளையம் இல்லை. பச்சை பிளாஸ்டிக் சுற்றிய மெல்லிய கம்பி. ரொட்டிப் பொட்டலத்தின் வாயைக் கட்டி வருமே, அது. இடப்பக்கமும் அதே. மூன்று முறுக்கு, கடைசி முனையை மடக்கி நசுக்கியிருக்கிறது.

அந்த முறுக்கு எனக்குத் தெரியாதா. உன் மூக்குக்கண்ணாடிக் கால், என் இஸ்திரிப்பெட்டி ஒயர், அம்மாவின் கைப்பை ஜிப்பு, எல்லாவற்றையும் அந்தக் கம்பியால்தான் நீ கட்டுவாய். நிரந்தரமாக என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால் பார்த்துக்கலாம் என்பாய்.

படகின் முன்பக்கத்திலிருந்து மரத்தின் உச்சிக்குப் போகிற கம்பிதான் பாய்மரம் பின்னால் சாயாமல் பிடிக்கிறது. அந்தப் பின்தான் அன்று நழுவியது, மோட்டார் படகு போன அலையில் ஒரு ஆட்டம் ஆடியதும் மரம் சிட்டுவின் மேல் விழுந்தது. அந்தப் பின் ஏரிக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரி நடையில் நான் கேட்டபோது நீ சொன்னாய், "முன்னாடி அத்தான்தான்க்கா போட்டாரு, வளையம் போட மறந்திருப்பாரு." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுக்கவில்லை.

இரண்டு பக்கமும் பச்சைக் கம்பி. முன்பக்கம் மட்டும் வளையம் இருந்ததா? இருந்து, அதை அவர் மறந்தாரா?

பதில் எழுது.

—

மே 2

அன்புள்ள அக்கா,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே. பதில் எழுதத் தாமதம். இங்கே புதுக் கிரேன் வந்திருக்கிறது, பழையதைவிட இரண்டு மடங்கு உயரம். மேலிருந்து பார்த்தால் ஆட்கள் எறும்பு. பழகவே ஒரு மாதம் ஆயிற்று. நடுவில் வயிறு சரியில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் கரப்பான் பூச்சியோடு பங்கு போட்டுத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது.

அத்தானுக்குத் தொழில் எப்படிப் போகிறது? மழை வந்துவிட்டதா? சிட்டு என்ன படிக்கிறாள் இப்போது? தோள் தேவலையா?

கூட்டாளி படகுக்காகக் காத்திருக்கிறான். நடந்தது நடந்துபோயிற்று. பழையதைக் கிளறினால் யாருக்கு என்ன வரப்போகிறது. சீக்கிரம் கொண்டுபோய் விடு.

தம்பி

—

மே 11

இந்தத் தாளில் ஒட்டியிருப்பது இடப்பக்கத்துப் பச்சைக் கம்பி. வலப்பக்கத்தது என்னிடம் இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்தபோது எலியை எடுத்த அன்று வந்ததைவிட அதிகமாகக் குமட்டியது. எலி பாவம், செத்துத்தான் நாறியது.

உன் மேல் மட்டும் இல்லை. மூன்று வருஷமாக நான் அந்த மனிதரை என்ன பார்வை பார்த்திருக்கிறேன் என்று யோசித்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் அணைத்த அடுப்பை அவர் கண் முன்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறேன். அவர் பெண்ணை அவரோடு அனுப்பாமல் இருந்திருக்கிறேன்.

எனக்கு எழுதாதே. அவருக்கு எழுது. அது வரும்வரை படகு இங்கேயே நிற்கும், நாறட்டும்.

—

ஜூலை 6

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

வளையங்கள் ஒரு சின்ன டப்பாவில் என் அறை மேஜை மேல் இருந்தன. முதல் நாள் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தவன், எடுத்துவர மறந்துவிட்டேன். ஏரிக்கரைக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. திரும்பிப் போய்வர ஒரு மணி நேரம் ஆகும். சிட்டு வேறு எப்போது ஏறலாம் என்று குதித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த மூன்று ரொட்டிப் பொட்டலங்களிலிருந்து கம்பியை உருவினேன். இரண்டை நானே பக்கத்தில் கட்டினேன். முன்பக்கம் நீங்கள் பின்னைச் செருகினீர்கள். "வளையத்த நான் போட்டுடறேன் அத்தான், நீங்க கயிறப் பாருங்க" என்றேன். நீங்கள் திரும்பினதும் மூன்றாவது கம்பியைச் சுற்றினேன். அது உங்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அக்கா கேட்டபோது, முன்பக்கம் அத்தான் போட்டார் என்றேன். பின்னை நீங்கள்தானே போட்டீர்கள், பொய்யில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறந்திருப்பார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். நீங்கள் மறுக்காமல் நின்றபோது, உண்மையாகவே நீங்கள்தான் மறந்தீர்கள் என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது.

இங்கே கிரேன் கொக்கியின் பின்னில் பூட்டு இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. போன மாதம் ஒருவர் பூட்டுக்குப் பதிலாக ஆணியை மடக்கிச் செருகியிருந்தார். கூட்டத்துக்கு நடுவில் வைத்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே வாயெல்லாம் கசந்தது. அன்று ராத்திரிதான் இந்தக் கடிதத்தை முதல் தடவை எழுதிக் கிழித்தேன்.

மன்னியுங்கள் என்று எழுதக் கை வரவில்லை. எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மைத்துனன்

—

ஜூலை 30

மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. உன் அக்கா என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்து முடித்ததும் அடுக்களையில் என் முன்னால் நின்று அழுதாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. மைத்துனனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பழியைச் சுமந்த பெரிய மனிதர் என்று அவளே ஒரு கதை கட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலம் சிட்டுவை அழைத்துவர வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தாள்.

ஒரு நாள் பூராவும் அந்தப் பெரிய மனிதராக இருந்தேன். வெட்கமில்லாமல் இரண்டு வேளை சாப்பிட்டேன். மறுநாள் முடியவில்லை.

நீ எழுதியதில் ஒன்று தவறு. எனக்குத் தெரியாது என்கிறாய். நான் திரும்பவில்லை மாப்பிள்ளை. நீ பச்சைக் கம்பியைச் சுற்றியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது தாங்காது என்றும் தெரிந்தது. கம்பி எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதுதான் என் தொழிலே, பல் செட்டில் கொக்கி வளைக்கிறவன் நான். அன்று காலை டயர் தாங்குமா என்று நான் கேட்டதற்கு, "அத்தான் குளிக்கிற தொட்டியிலயே மிதவை போட்டுக்குவாரு" என்று நீ சொல்லி, சிட்டுவும் சிரித்தாள். மறுபடி ஒரு தடவை அந்தச் சிரிப்பை வாங்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிதாக ஒன்றுமில்லை. அந்தச் சின்னக் காரணத்தை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அதனால்தான் ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை உன் அக்காவிடம் சொன்னேன். நான்கு நாள் என் தட்டைத் தனியாக மூடி வைத்துவிட்டுப் போனாள். ஐந்தாம் நாள், படகு போகட்டும் என்று மட்டும் சொன்னாள். முன்பக்கத்துக்குப் புதுப் பின்னும், மூன்று பின்னுக்கும் புது எஃகு வளையமும் வாங்கி நானே மாட்டினேன். பாய்மரத்தைப் படுக்கவைத்து இரண்டு இடத்தில் பட்டையால் இறுக்கினேன். பின்விளக்கைச் சரிசெய்து, போன சனிக்கிழமை நானே இழுத்துப் போய் உன் கூட்டாளியிடம் விட்டேன். எந்த இடத்தில் எந்த வளையம் என்று அவரைக் கையால் தொட்டுப் பார்க்க வைத்தேன். வளையம் இல்லாமல் ஒரு பின்னும் போடக் கூடாது, யார் சிரித்தாலும் சரி என்றேன். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

சிட்டுவுக்கு இப்போது பதின்மூன்று வயது, அவளிடம் மறைக்க வேண்டாம் என்று உன் அக்கா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ செய்ததையும் நான் செய்ததையும் சொன்னேன். அவள் தலை நிமிராமல் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"எனக்கும் தெரியும்ப்பா. ஏறுறப்போ முன்பக்கம் அந்தப் பச்சைக் கம்பியப் பிடிச்சு ஆட்டிப் பார்த்தேன். லொடலொடன்னுதான் இருந்துச்சு. ஆனா மாமாதான் கட்டியிருக்காரு, நீ பக்கத்துல நின்னு பார்த்துட்டுதான் இருக்கே. அப்ப சரியாத்தான் இருக்கும்னு ஏறிட்டேன்."

தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்துவிட்டு, பாடம் எழுத உள்ளே போனாள். உன் அக்காவும் நானும் கை காய்ந்துபோகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அவளுக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுது. என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதே, எனக்கும் தெரியவில்லை.

அத்தான்